பத்தொன்பதுக்கு மேல் ஒரு சீட்டு

கொலோவான், மக்காவ்
11 மார்ச் 1991

அன்புள்ள வாய்-லான் அக்காவுக்கு,

நான் நலம். அம்மா நலமில்லை, ஆனால் நலம் என்றே எழுதச் சொல்கிறாள். அப்பா வழக்கம்போல் இரும்பு. லிஸ்பனில் உன் இருமல் விட்டதா? போன உறையிலும் அஞ்சல்தலையைத் தலைகீழாகவே ஒட்டியிருந்தாய். அதைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பி எங்கள் அஞ்சல்காரர் ஆந்தையாகிவிட்டார். நலம் விசாரித்து முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா எதையோ மறைக்கிறார்.

மாதம் ஒரு புதன்கிழமை காலை, காரோட்டியை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்துத் துணிச்செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறிப் போகிறார். வெள்ளை நாரை காசினோவுக்கும் அதைச் சுற்றிய விடுதிக்கும் சொந்தக்காரர், பேருந்தில்! திரும்பி வரும்போது வாயோரத்தில் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கிறது. மோக் குடும்பத்தில் மோகமா என்று நான் கேட்டதற்கு அம்மா சிரிக்கவில்லை. அவர் சட்டையை மோந்து பார்த்தாள்.

"செண்டு வாசனை இல்ல. டீ வாசனை."

"அப்ப நல்லதுதானேம்மா?"

"போடி. செண்டு பூசுறவ ஒரு நாள் போயிடுவா. டீ போட்டுக் குடுக்கிறவ தங்கிடுவா."

செப்டம்பரில் விடுதியின் ஆண்டு விருந்து வருகிறதல்லவா, அதுவரைதான் கெடுவாம். அதற்குள் அப்பா வாயைத் திறக்காவிட்டால் அம்மா ஹாங்காங் மாமா வீட்டுக்குப் போய்விடுவாள், நிரந்தரமாக. கூடவே நானும். மாமா வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குளியலறை. அந்தத் தெருவில் இருப்பது கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளி ஒன்றுதான். அங்கே சிரித்தால் மதிப்பெண் குறைப்பார்கள். என் வாழ்க்கை ஆட்டம் கண்டிருக்கிறது, அக்கா.

எனவே துப்பறிய முடிவு செய்துவிட்டேன். நீ வீட்டில் இருந்தவரை கவனித்ததை எழுது. மேசைகளில் தேநீர் கூடாது என்று அப்பா ஏன் சட்டம் போட்டார்? மக்காவில் வேறு எந்தக் காசினோவிலும் சீட்டு மேசைக்கே தேநீர் வரும். நம்மிடம் மட்டும் ஆட்டத்தை விட்டு எழுந்து சுவரோரம் போய்க் குடிக்க வேண்டும். வாஸ்து என்று ஊழியர்கள் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. அப்புறம், யாராவது தேநீர் ஊற்றினால் ஊரே இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்லும்போது, அப்பா மட்டும் ஏன் வாயைத் திறந்து "நன்றி" என்கிறார், அம்மாவிடம்கூட, வெள்ளைக்காரன் மாதிரி? நாம் தட்ட மறந்தால் முறைக்கிறவரும் அவர்தான்.

இன்னொரு செய்தி. நேற்று நான் வழிகாட்டி வேடம் போட்டு, தைவானிலிருந்து வந்த கூட்டத்தை முகப்பில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு அழைத்துப்போனேன். "இதோ, பத்தொன்பது மோக் உட்கார்ந்த மேசை! பட்டாசுக்கு மருந்து இடித்த கூலி, கையிருப்பு அத்தனையும் வைத்த ஆட்டம். இருபத்தொன்றைத் தாண்டினால் தோல்வி. கையில் பத்தொன்பது. பைத்தியக்காரன்கூட இன்னொரு சீட்டுக் கேட்க மாட்டான். மோக் கேட்டார்! வந்தது இரண்டு! எதிரே இருந்ததோ இருபது! கேட்காமல் இருந்திருந்தால் இந்த விடுதியும் இல்லை, நானும் இல்லை!" கண்ணாடியைத் தடவிக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். எல்லாரும் பத்தொன்பதில் சீட்டுக் கேட்டார்களாம். எல்லாரும் காலி. விடுதியின் நடுவெழுத்தைத் தூக்கினால் விதி, அவ்வளவுதான்.

உன் துப்பறியும் தங்கை,
சிங்-யூ

லிஸ்பன்
2 ஏப்ரல் 1991

அன்பு சிங்-யூ,

இருமல் குறைந்திருக்கிறது. மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு இருமினால் வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள். நீ அனுப்பிய பாதாம் பிஸ்கட் பொடியாக வந்து சேர்ந்தது. கரண்டியால் சாப்பிட்டேன்.

அம்மாவைப் பொறுமையாக இருக்கச் சொல். அவள் நினைக்கிற மாதிரி அப்பாவுக்கு இன்னொரு வீடு கிடையாது. நீ படிப்பைக் கவனி. வழிகாட்டி வேலையை இனிமேல் செய்யாதே. அது விளையாட்டு இல்லை.

அன்புடன்,
வாய்-லான்

கொலோவான்
24 ஏப்ரல் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

இன்னொரு வீடு கிடையாது என்று எழுதிவிட்டாய், சந்தோஷம். அப்பாவோடு நாலு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத உனக்கு அது எப்படித் தெரியும்? என் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட நீ பதில் எழுதவில்லை. பிஸ்கட்டுக்கு மட்டும் எழுதியிருக்கிறாய்.

போன புதன்கிழமை பள்ளிக்குப் போகவில்லை. சமையலறை ஆளின் மேலங்கி, மீன்காரியின் அகலத் தொப்பி. பேருந்தில் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இறங்கும்போது என்னைப் பார்த்து, "வழி விடுங்கம்மா" என்றார். பெற்ற மகளை!

உள் துறைமுகத்தில் கருவாடு காயும் சந்துக்குள் நுழைந்தார். கடைசியில் ஒரு சின்னத் தேநீர்க்கடை. உள்ளே இருந்தவளைப் பார்த்ததும் என் துப்பறியும் நெஞ்சு உடைந்துபோனது. அப்பாவைவிட மூத்தவள், தலை முழுக்க வெள்ளை, உடம்பு கெட்டில் மாதிரி உருண்டை. அவள் தேநீர் ஊற்றினாள். அப்பா என்ன செய்தார் தெரியுமா? இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்! அவள் அந்தப் பைகளைப் பார்த்து ஏதோ சொன்னாள். அப்பா சிரித்தார். பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வர. நம் வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது. அப்புறம்தான் பயம் வந்தது.

அம்மாவிடம், அப்பா வங்கிக்குப் போனார் என்று சொல்லிவிட்டேன். அவள் என் தொப்பியை மோந்து பார்த்தாள். "வங்கியில கருவாடு விக்கிறாங்களா?" என்றாள். மறுநாளே பெட்டிகளைத் தூசி தட்ட ஆரம்பித்தாள். அப்பா நடத்துவது சூதாட்டம், அம்மா நடத்துவது சூட்கேஸாட்டம்.

சீக்கிரம் எழுது.

சிங்-யூ

லிஸ்பன்
3 ஜூன் 1991

அன்பு சிங்-யூ,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேலை அதிகம். இங்கே வெயில் நன்றாக இருக்கிறது, துணி சீக்கிரம் காய்கிறது. உனக்குத் தேர்வு எப்படிப் போனது?

இனி அந்தக் கடைக்குப் போகாதே. முட்டி வலியோடு நாள் முழுக்க நின்று வேலை செய்கிற பெண். உன் குறும்பெல்லாம் அவரிடம் வேண்டாம்.

அன்புடன்,
வாய்-லான்

கொலோவான்
20 ஜூன் 1991

அக்கா,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், மருந்துக்கடைக்காரி.

அவள் வெள்ளைத்தலை என்று எழுதினேன். உருண்டை என்று எழுதினேன். முட்டி வலி என்று நான் எழுதவே இல்லை.

உனக்கு அவளைத் தெரியும். அம்மாவின் பெட்டிகள் கூடத்துக்கே வந்துவிட்டன. அப்பாவோடு என்ன சண்டை போட்டுவிட்டு நீ கப்பல் ஏறினாய்? "படிக்கப் போகிறேன்" என்றாய். மருந்துக்கடையில் என்ன படிப்பு, மாத்திரைப் பெயர்களா? இத்தனை நாளும் நான் அப்பாவைத்தான் சந்தேகப்பட்டேன். இனிமேல் என் பட்டியலில் இரண்டு பேர்.

பிஸ்கட் அனுப்ப மாட்டேன்.

சிங்-யூ

கொலோவான்
5 ஆகஸ்ட் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிறேன். பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன். மரியாதை தெரிந்த குடும்பம்.

நீ சொல்லாததை ஒரு ஃபிளாஸ்க் சொல்லிவிட்டது.

எனக்குக் காசினோவுக்குள் போக வயது போதாது. ஆனால் சமையலறைக்குப் பின்னால் புது ஆட்களுக்குச் சீட்டுப் போடக் கற்றுத்தரும் அறைக்கு யாரும் காவல் இல்லை. அங்கே லினோ சார் பயிற்சி கொடுக்கிறார். மக்காவிலேயே பிறந்த போர்த்துகீசியர், கன்டனீஸில் நம்மைவிட நன்றாகத் திட்டுவார். எதிரே உட்கார ஆள் வேண்டும் என்று என்னை உட்கார வைத்தார். ஆ-கீட் என்று ஒரு புதுப் பையன் சீட்டுப் போட்டான். எனக்குப் பதினெட்டு. போதும் என்று இருந்தேன். சமையலறை அக்கா ஃபிளாஸ்க்கோடு வந்து என் கோப்பையில் தேநீர் ஊற்றினாள். நான் பேச்சு சுவாரசியத்தில் இரண்டு விரலால் மேசையைத் தட்டினேன்.

ஆ-கீட் இன்னொரு சீட்டைப் போட்டுவிட்டான். ஏழு. நான் காலி.

"டேய், நான் எங்கடா கேட்டேன்?"

"தட்டினீங்களே! தட்டினா இன்னொரு சீட்டுன்னுதானே சார் சொல்லிக் குடுத்தாரு?"

"டீக்கு நன்றி சொன்னேன்டா, மண்டு!"

லினோ சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதுக்குத்தான்மா முதலாளி மேசையில டீயே கூடாதுன்னுட்டாரு. என்ன மூளை பாரு அந்த மனுஷனுக்கு! எங்க ஆளுங்க தட்ட மாட்டாங்க. உங்க ஆளுங்களுக்கு மட்டும்தான் இந்த ஆபத்து."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தேநீர் இல்லாத மேசைகள். தட்டாத விரல்கள். பைக்குள் போன கைகள். பத்தொன்பது. ஒவ்வொன்றும் தானாக வந்து வரிசையில் உட்கார்ந்தது.

அடுத்த பேருந்தில் கடைக்குப் போனேன். பெயர் சௌ அத்தை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேநீர் ஊற்றினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இரண்டு விரலால் தட்டினேன். கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"சீட்டு வேணுமா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும், அத்தை?"

"மாசம் ஒருதடவை உங்கப்பனை இதே கேள்விதான் கேக்கறேன். அதுக்குப் பயந்துகிட்டுத்தான் கையைப் பைக்குள்ள போட்டுக்கறான். அன்னிக்கு அந்த மேசைக்கு டீ ஊத்தினவ நான். பத்தொன்பதை வெச்சிக்கிட்டு, போதும்னு மூச்சு விட்டான். நான் ஊத்தினேன். தட்டினான். சீட்டு விழுந்துடுச்சு. மூஞ்சி அப்படியே சுண்ணாம்பு! வேணாம்னு சொல்ல வாயைத் திறக்கறான், சத்தம் வரல. திருப்பிப் பாத்தா ரெண்டு! ஊரே தூக்கி வெச்சு ஆடுச்சு. 'என்ன நெஞ்சுடா உனக்கு'ன்னு. நெஞ்சாம் நெஞ்சு. எல்லாம் என் கெட்டில்ல இருந்து வந்தது."

வெளியே போகும்போது அப்பா, ஜெயித்த சூதாட்ட வில்லைகளில் ஒன்றை அவள் தட்டில் வைத்துவிட்டுப் போனாராம். அதில்தான் இந்தக் கடை.

அன்று மாலையே அப்பாவின் அறைக்குப் போனேன். எனக்குத் தெரியும் என்றேன். கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அம்மாகிட்ட சொல்லுங்கப்பா. பெட்டி கட்டறாங்க."

"என்ன நினைக்கிறா?"

"சின்ன வீடுன்னு."

ஜன்னல் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். அப்புறம் சொன்னார்: "நினைச்சுக்கட்டும்."

கேட்டாயா அக்கா? தைரியசாலி இல்லை என்று அம்மாவுக்குத் தெரிவதைவிட, துரோகி என்று அவள் நினைப்பதே மேல் என்கிறார். என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார், ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று. நான் இப்போது என்ன செய்ய?

சிங்-யூ

லிஸ்பன்
24 ஆகஸ்ட் 1991

என் அருமை சிங்-யூ,

நலம். நீ கோபமாக இருந்தாலும் சாப்பிடாமல் இருக்க மாட்டாய் என்று தெரியும்.

உன்னை மாதிரியே நானும் ஒரு புதன்கிழமை பின்னால் போனேன். எனக்குத் தொப்பி இல்லை, உடனே மாட்டிக்கொண்டேன். சௌ அத்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த வாரம்தான் ஒரு இளைஞன் மீன்பிடிப் படகை விற்ற பணத்தோடு நம் கூடத்துக்கு வந்திருந்தான். கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்ப் பத்தொன்பதில் சீட்டுக் கேட்டான். பிறகு அவன் மனைவி குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். உண்மையைச் சொல்லிவிடுங்கள், அந்த மேசையை எடுத்துவிடுங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "அந்த மேசைதான் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம்" என்றார். அந்த அஸ்திவாரத்தின் மேல் எனக்குத் தூக்கம் வரவில்லை. வந்துவிட்டேன். என்னிடமும் அதே சத்தியம்தான் வாங்கினார். அதனால்தான் எழுதவில்லை.

விருந்தில் வழக்கம்போல் அந்த மேசையை வெளியே எடுத்து, அப்பாவை உட்காரவைத்து, அடுக்கிய சீட்டில் அதே ஆட்டத்தை ஆடிக் காட்டுவார்கள் அல்லவா? அன்றைக்குத் தேநீர் ஊற்றுவது யார்?

சும்மாதான் கேட்டேன்.

வாய்-லான்

கொலோவான்
18 செப்டம்பர் 1991

சும்மா கேட்கும் அக்காவுக்கு,

எல்லாரும் நலம். இந்தத் தடவை பொய் இல்லை. கதையைக் கேள்.

நான் யாரிடமும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சத்தியம் சத்தியம்தான். சௌ அத்தையிடம் போய், விருந்துக்குத் தேநீர் ஊற்ற வருவீர்களா என்று மட்டும் கேட்டேன். உடனே சரி என்றாள். விருந்தன்று சமையலறை வழியாக உள்ளே கொண்டுவந்தேன். காலில் பளபளவென்று புதுச் செருப்பு.

கூடம் நிறைந்திருந்தது. அம்மா பட்டுச் சட்டைக்குக் கீழே பயணச் செருப்பு போட்டிருந்தாள். பெட்டிகள் ஏற்கெனவே காரில். என்னுடையதும். காலையில் நானே என் சட்டைகளை மடித்து வைத்தேன், அக்கா. அதை மட்டும் வேடிக்கையாக எழுத வரவில்லை.

மேசையை நடுவில் போட்டார்கள். லினோ சார்தான் சீட்டு. பத்து. ஒன்பது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. வருஷா வருஷம் இந்த இடத்தில்தான் அப்பா கையை உயர்த்தி, "போடு!" என்று சிங்கம் மாதிரி கர்ஜிப்பார். கை பாதி உயர்ந்தது. அப்போது அவர் தோளுக்குப் பக்கத்தில் ஒரு கெட்டில் வந்தது.

தேநீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா நிமிர்ந்து பார்த்தார். முகம் சுண்ணாம்பு. கை இறங்கியது, பையைத் தேடிப் போனது. சௌ அத்தை நகரவில்லை. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். டீ வாசனை அவளுக்குத் தெரியாதா!

அப்பா அம்மாவைப் பார்த்தார். அவள் செருப்பைப் பார்த்தார். பைக்குப் போன கையை மெல்ல எடுத்து மேசை மேல் வைத்தார். இரண்டு விரலால் தட்டினார்.

லினோ சாருக்குக் கை பழக்கம். சீட்டைப் போட்டுவிட்டார். இரண்டு. கூடம் அதிரக் கைதட்டல்.

"நிறுத்துங்க!" அப்பா எழுந்தார். "நான் சீட்டு கேக்கல. இவங்க டீ ஊத்தினாங்க, நன்றி சொன்னேன். அன்னிக்கும் அதேதான். அன்னிக்கு எனக்குப் பத்தொன்பதே போதும்னுதான் இருந்துச்சு. பயந்துகிட்டு உக்காந்திருந்தேன்."

அம்மா நேராக மேசைக்கு வந்தாள். "இவங்கதானா அந்தப் புதன்கிழமை?"

"என்னைப் பாத்தா சின்ன வீடு மாதிரியா இருக்கு?" என்றாள் சௌ அத்தை. "எனக்கு ஒரு படி ஏறவே முட்டி விடமாட்டேங்குதும்மா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "ஒரு கோப்பை டீக்காகவா இவ்வளவு வருஷம் என்கிட்ட மறைச்சீங்க?"

"நீ என்னைக் கட்டிக்கிட்டதே அந்தப் பத்தொன்பதுக்காகத்தானே."

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுச்சு."

"ஊரா கட்டிக்கிச்சு? உங்க காது பெருசா இருந்துச்சு. பெரிய காது இருக்கிறவன் பொண்டாட்டி பேச்சைக் கேப்பான்னு எங்கம்மா சொன்னா. அதுக்காகக் கட்டிக்கிட்டேன். ஏமாந்துட்டேன்."

முதலில் சிரித்தது லினோ சார். அப்புறம் கூடமே. அப்பாவின் காது இரண்டும் சிவந்து விளக்கு மாதிரி எரிந்தன. பெட்டிகளை நானே காரிலிருந்து இறக்கினேன். மூன்று மாடி. லிஃப்டை மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை அம்மா அவருக்குத் தேநீர் ஊற்றினாள். "நன்றி" என்று வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு, இரண்டு விரலால் தட்டினார். அவர் குடிப்பதற்குள் அம்மா இன்னொரு தடவை ஊற்றினாள். அவர் இன்னொரு தடவை தட்டினார்.

உன் வெற்றித் தங்கை,
சிங்-யூ

லிஸ்பன்
7 அக்டோபர் 1991

சிங்-யூ,

கடையில் வைத்துப் படித்தேன். சிரித்ததில் ஒரு கிழவருக்கு இருமல் மருந்துக்குப் பதில் கால்வலித் தைலம் கொடுத்துவிட்டேன். ஓடிப் போய் மாற்றிக் கொடுத்தேன். அம்மாவுக்கு என் முத்தம்.

மேசைகளில் இப்போது என்ன நடக்கிறது? அதை எழுது.

வாய்-லான்

கொலோவான்
30 அக்டோபர் 1991

அன்புள்ள, ஆனால் முழுக்க நம்ப முடியாத அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மா ஒரு சுற்று பருத்திருக்கிறாள். பாதாம் பிஸ்கட் அனுப்பியிருக்கிறேன், இந்தத் தடவை பஞ்சு வைத்து.

உண்மை தெரிந்தால் ஆட்கள் பத்தொன்பதில் நிறுத்திக்கொள்வார்கள் என்று நீ நினைத்தாய். முதல் வாரமே என்ன நடந்தது தெரியுமா? பத்தொன்பது வந்தவன் எல்லாம் தேநீர் கேட்டான்! "மோக் மாதிரி டீ கொண்டா" என்று. அப்பாவும் சட்டத்தை எடுத்துவிட்டார். சௌ அத்தை தேர்ந்தெடுத்த ஆறு பெண்கள் கெட்டிலோடு மேசைகளுக்கு நடுவே நடக்கிறார்கள். அவள் இப்போது எங்கள் விடுதியில் உட்கார்ந்த இடத்தில் மேற்பார்வை. முட்டிக்கு நல்லதாம்.

ஆனால் புதுச் சட்டம் ஒன்றும் வந்திருக்கிறது. யார் தட்டினாலும், சீட்டுப் போடுகிறவர் கையை நிறுத்தி ஒரு தடவை கேட்க வேண்டும்: "டீக்கா, சீட்டுக்கா?" ஊரில் எந்தக் காசினோவும் தோற்க வருகிறவனை நிறுத்திக் கேள்வி கேட்காது. ஆ-கீட் சொல்கிறான், கேட்டதும் பாதிப் பேருக்குப் புத்தி தெளிந்து "டீக்கு" என்கிறார்களாம். மீதிப் பாதி "ரெண்டுக்கும்" என்கிறதாம். அந்த மீதிப் பாதிக்கு நீ லிஸ்பனிலிருந்து மருந்து அனுப்பு.

இந்தச் சட்டம் யார் மூளையில் உதித்தது என்று அப்பாவிடம் கேட்டேன். கடலைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துவா என்று அவர் அறைக்கு அனுப்பினார். போனேன். மேசையில் தேநீர்க் கோப்பை. கோப்பைக்கு அடியில், சூடு படாமல் இருக்க, ஒரு உறை. அதில் பழைய கறை, புதுக் கறை, வட்டத்துக்கு மேல் வட்டம். ஓரத்தில் லிஸ்பன் அஞ்சல்தலை.

தலைகீழாக.

"இது என்னப்பா?"

"உறை."

"உள்ள?"

"காலி."

காலியாம். நாலு வருஷமாகப் பேசவில்லையாம். பேசாமல்தான் இருந்திருப்பீர்கள், எழுதிக்கொண்டிருந்தால் பேச்சு எதற்கு? இப்போது கேட்கிறேன். தேநீர் ஊற்றுவது யார் என்று நீ "சும்மா" ஏன் கேட்டாய்? நான் கூப்பிட்டதும் சௌ அத்தை ஏன் கொஞ்சமும் தயங்கவில்லை? அந்தப் புதுச் செருப்பை யார் வாங்கிக் கொடுத்தது? பேருந்தில் "வழி விடுங்கம்மா" என்றாரே, என்னை நிஜமாகவே அடையாளம் தெரியவில்லையா? ஊரிலேயே பெரிய குறும்புக்காரி நான் என்று நினைத்திருந்தேன். என் வயிற்றெரிச்சல் உனக்குப் புரியாது.

புத்தாண்டுக்கு நீ வருவதாக அம்மா சொல்கிறாள். நான் அதைச் சொல்லவில்லை, நீயும் எனக்கு எழுதவில்லை, அப்படியானால் அவளுக்கு யார் சொன்னது? பட்டியலில் இப்போது மூன்று பேர்.

வா. கடிதத்தை இங்கே முடித்து, மேசையில் இரண்டு விரலால் தட்டுகிறேன். டீக்கா, சீட்டுக்கா என்று வந்து கேள்.

சிங்-யூ